கோடை இடிமழை உருவாகும் விதம்

ஏப்ரல், மே மாதங்களில் தமிழகத்தின் உள்மாவட்டங்களில், பகல் வெயிலால் சூடேறிய தரை தன்னை ஒட்டிய ஈரக்காற்றையும் சூடாக்குவதால், அக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி, திரள்மேகம் உருவாகிறது. நீராவி நீராகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம், அதாவது நீர் ஆவியானபோது உட்கொண்ட வெப்பம், காற்றை மேலும் உயர்த்துவதால், மேகம் 10 கிலோமீட்டருக்கு மேலும் வளர்ந்து, உச்சி தட்டையாக விரிந்த கார்திரள் மேகமாகிறது. அதனுள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னூட்டம் பிரிந்து மின்னல் பிறக்கிறது. மழைக்குச் சற்று முன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் குளிர்காற்று, மேகத்திலிருந்து கீழிறங்கித் தரையில் பரவும் காற்றாகும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால், மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்பதால், வயல்வெளியிலும் மரத்தடியிலும் நிற்போர் உடனே கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும்.