உருக்குக் கைத்துப்பாக்கியின் மறுபிறப்பு

ஊவாத் தோட்டங்களிற் கவ்வாத்துக் கத்தி பிடித்தோர் ஓருண்மையை அறிவர்: நல்ல கருவியின் எடை சுமையன்று, கைக்குத் துணை. பழைய உருக்குக் கைத்துப்பாக்கியொன்றின் படிகளை இக்காலத்தார் விரும்புவதற்கும் இதுவே தலையாய காரணமாகும்.

அமெரிக்கரான ஜோன் பிரௌனிங் தொடங்கி, 1926 இல் அவர் மறைந்தபின் பெல்ஜியத்தில் டியூடொனே சேவ் நிறைவுசெய்த அவ்வமைப்பு, 1935 இல் அந்நாட்டுப் படையினரின் ஆயுதமாயிற்று. 13 ரவைகள் கொள்ளும் அதன் கூடு அந்நாளிற் புதுமை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கனடாவிலும், பின்னர் இந்தியாவின் இஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் அது செய்யப்பட்டது.

1980களிலிருந்து பிளாஸ்டிக் உடலமைந்த இலேசான துப்பாக்கிகள் பரவின. ஆயினும் 2021 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நிறுவனம் பழைய வடிவை உருக்கிலேயே மீண்டும் வெளியிட்டது. துருக்கியிலும் படிகள் எழுந்தன. உருக்கின் எடை பின்னுதைப்பைத் தணிக்கிறது. ஒடுங்கிய பிடி கைக்கு இசைகிறது. மூலத்திற் சுடுவோர் கையைக் கடித்த சுத்தியலை ஸ்பிரிங்ஃபீல்டார் திருத்தினர். ரவைக்கூட்டைக் கழற்றியதும் விசையைத் தடுக்கும் உறுப்பு, விசையின் இயக்கத்தைக் கடினமாக்கியதால் அதனையும் நீக்கினர். மூலத்தின் குறைகளையும் பேணுவது நல்ல படியாகாதன்றோ?

நிற்க. கவ்வாத்துக் கத்தி வெட்டிய கிளையில் தளிர் துளிர்க்கும். துப்பாக்கி வீழ்த்திய உயிர் மீளாது. 1971 இலும், 2009 வரை நீடித்த போரிலும் நம் நாடு இதனைக் கண்டது. ஆதலின் அமைப்பின் செம்மையைக் கற்போம்; ஆயுதத்தை வியவாதிருப்போம்.