பாட்டன் வந்த வழி

மலையகத்திலே வாழும் முதியவர் ஒருவரிடம், "உங்கள் முன்னோர் இந்நாட்டுக்கு எப்பொழுது வந்தனர்?" என்று வினவினால், ஆண்டுக் கணக்கு விடையாக வருவதில்லை, கதையொன்றே வருகிறது. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி ஆசை காட்டினான். அதை நம்பிப் பாட்டன் தோணியேறினான் என்பது அக்கதை. இதனை வெறுங் கட்டுக்கதை எனத் தள்ளிவிடலாகாது. காலத்தைக் காட்டும் குறிப்புகள் இத்தகைய கதைகளுள் பொதிந்து கிடக்கின்றன.

முதற் குறிப்பு, வந்த வழி. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே தம்புள்ளை, மாத்தளை வரை கால்நடையாக வந்ததாகக் கதை கூறுமாயின், அப்பயணம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறை முகாமில் தங்கிக் கொழும்புக்குக் கப்பலேறியதாகக் கூறுமாயின், அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். மண்டபம் முகாமும் தலைமன்னார் ரயிலும் கதையில் வருமாயின், பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டது.

இரண்டாவது குறிப்பு, பயிர். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை நட்டது 1867இல். இலைநோய் கோப்பியைத் தாக்கியது 1869இல். 1880களில் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஆகவே, கோப்பிக் காடு வெட்ட வந்த பாட்டனைத் தேயிலைத் தூர் கவர்ந்திருக்க இயலாது. அது பின்வந்தோர் கதையிற் சேர்த்த அடி. கதையில் எது பழையது, எது புதியது என்பதை இவ்வாறு பிரித்தறியலாம்.

இனி, ஏடுகளை நோக்குவோம். தோட்டத்துச் செக்றோலும், பிறப்பு இறப்புப் பதிவுகளும் பெயரையும் காலத்தையும் தருவன. ஆயினும் அவற்றைப் படிப்பது எளிதன்று. ஒரே முத்துசாமியை ஆங்கிலமறிந்த எழுத்தர்கள் பலவாறு எழுதினர். தோட்டத்துக்கு ஏட்டில் ஒரு பெயர், மக்கள் வாயில் வேறொரு பெயர். தோட்டம் மாறியவரின் தடம் ஓர் ஏட்டில் முடிந்து மற்றோர் ஏட்டில் தொடங்கும். ஊர்ப்பெயர் ஏட்டில் இல்லாதவிடத்துக் குலதெய்வத்தின் பெயர் கைகொடுக்கும். அத்தெய்வத்தின் கோயில் எந்த ஊரிலுள்ளது என்று தேடிச் சென்றால் பூர்வீக ஊர் புலப்படக்கூடும்.

இத்தேடல் பொழுதுபோக்கு மட்டுமன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும், தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ சான்று கேட்டது. லயத்திற் பிறந்து, லயத்திலேயே மடிந்தவர்களின் மக்கள் அச்சான்றுக்கு எங்கே போவார்கள்? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் பல இலட்சம்பேர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். இங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. பாட்டனின் பெயர் ஏட்டில் இருந்ததா, இல்லையா என்பது பேரனின் நாட்டையே தீர்மானித்தது.

கதை இடத்தையும் வழியையும் காக்கிறது. ஏடு பெயரையும் ஆண்டையும் காக்கிறது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குபவருக்கே முன்னோரின் உருவம் தெளிவாகும். ஏடு காப்பகத்தில் காத்திருக்கும், கதை காத்திராது. எனவே, உங்கள் இல்லத்து முதியவரிடம் இன்றே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பாட்டன் எக்கரையில் இறங்கினார்? அன்று மலையில் நின்ற பயிர் யாது? நம் குலதெய்வம் எது? அவர் கூறும் விடையை, அவர் கூறிய சொற்களிலேயே எழுதி வையுங்கள். தேடல் அந்தத் தாளிலிருந்தே தொடங்கும்.