பழைய காரும் புதிய ரேடியேட்டரும்

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் காரை இன்றும் பேணுவோர் உளர். கோடையில் எஞ்சின் கொதிப்பின், செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டரை நீக்கி, அலுமினியத்தாலாகிய புதியதைப் பொருத்த விழைவர். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கங்களில் முதலில் நீரையே ஐயுறல் வேண்டுமென்பது எம் கருத்து.

அரியலூர் மண்ணடியிற் கிடப்பது பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல். சிமெண்டு ஆலைக்கு அது செல்வம், ரேடியேட்டருக்கோ நோய். அக்கல்லிடை ஊறிய கிணற்றுநீர் சூடேறுந்தோறும், வெந்நீர்ப் பானையிற்போலவே, வெண்படிவு விட்டு நுண்குழாய்களைத் தூர்க்கும். எஞ்சினுள்ளிருக்கும் படிவைக் கழுவாது புதியதை வைத்தால் அதுவும் அடைபடும். வெறுங்கிணற்றுநீர் அலுமினியத்தை அரிக்கவுங்கூடும். ஆதலின் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரோடு கூலண்டு கலந்தே ஊற்றுக. மூடியையும் நோக்குக: புதிய மூடியின் அழுத்தம் மிகின், பழைய ரப்பர்க் குழாய் தாங்காது.