முத்திரைத் தாள் மட்டும் காப்பாற்றாது

முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டுவிட்டால் எந்த ஒப்பந்தமும் கோர்ட்டில் செல்லும் என்ற நம்பிக்கை, பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்துள்ள நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. இது சரியல்ல. தாளைவிட, அதில் எழுதப்பட்ட விஷயமே முக்கியம்.

ஒப்பந்தத்தின் நோக்கமும், அதற்காகக் கைமாறும் பிரதிபலனும் சட்டத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். சட்டம் தடுத்த காரியம், மோசடி, பிறர் உடலுக்கோ சொத்துக்கோ கேடு, ஒழுக்கக்கேடு, பொதுநலனுக்கு விரோதமானது ஆகியவற்றுக்காகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 23-வது பிரிவு.

வேலைக்குப் பணம்

சர்க்கார் உத்தியோகம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்ல, அதற்கு 1,000 ரூபாய் தருவதாக மற்றவர் ஒப்புக்கொண்டால், அது செல்லாது. இந்த உதாரணம் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இன்று கேட்கும் தொகை லட்சங்களாக இருக்கலாம், சட்டம் அதேதான்.

கொடுத்த பணமாவது திரும்புமா? செல்லாது என்று பிறகு தெரியவரும் ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தர 65-வது பிரிவு வழி செய்கிறது. ஆனால் சட்டவிரோதம் என்று தெரிந்தே இறங்கியவர்களுக்கு அது உதவாது என்று 1974-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சட்டம் தெரியாது என்பதும் சமாதானம் ஆகாது. ஏமாற்றியவர்மீது போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தைக் காட்டி வேலையைக் கேட்க முடியாது.

குடம் பாலில் துளி விஷம்

சட்டப்படியான வியாபாரத்தையும் கள்ள வியாபாரத்தையும் சேர்த்துக் கவனிக்க ஒரே சம்பளம் பேசினால், முழு ஒப்பந்தமுமே செல்லாது. இது 24-வது பிரிவு. கணக்கு எழுதப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

தெளிவு தேவை

"நூறு டன் எண்ணெய் விற்கிறேன்" என்று மட்டும் எழுதினால் செல்லாது. என்ன எண்ணெய் என்று தெரியவில்லை அல்லவா? விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் செல்லும். ஊரில் மனை வாங்க முன்பணம் கொடுப்பவர்கள் சர்வே நம்பர், விஸ்தீரணம், நான்கு எல்லை, விலை எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும்.

பொருள் இருக்கவும் வேண்டும். பேரம் பேசும்போதே குதிரை இறந்து போயிருந்தால், இருவருக்கும் அது தெரியாவிட்டாலும் பேரம் செல்லாது. மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருவதாகச் செய்யும் ஒப்பந்தமும் அப்படியே. நடக்க முடியாததைச் சட்டம் ஏற்பதில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள்: காரியம் சட்டப்படியானதா? பொருள் உண்மையில் இருக்கிறதா? எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா?

சந்தேகம் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் சட்ட உதவி இலவசம். பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.