வாரத்துக்கு விட்ட ஆட்டில் யாருக்கு என்ன பங்கு?

பக்ரீத் நெருங்கி ஆட்டு விலை ஏறியதும் தியாகதுருகத்தில் எங்களிடம் ஒரே மாதிரி வழக்கு வருகிறது. வாரத்துக்கு விட்ட ஆடு மூன்று குட்டி போட்டது, பாதி எப்படி? நோயில் ஒன்று செத்தது, யார் கணக்கு? இரு தரப்பும் நல்லவர்களே. ஆட்டை ஓட்டிச் சென்ற அன்று எதையும் பேசிக்கொள்ளவில்லை.

1872 இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஈன்றதும் உடையவருக்கே (பிரிவு 163, பசுவும் கன்றும் சட்டமே தரும் உதாரணம்). உரிய கவனத்தோடு வளர்த்தும் செத்தால் வளர்த்தவர் பொறுப்பல்ல (151, 152). வாய்ப்பேச்சை நிரூபிக்க முடியாவிட்டால், மேய்த்த ஏழைக்குக் குட்டியில் பங்கே இல்லாமல் போகலாம்.

மார்க்கத்திலும் சிக்கல் உண்டு. பிறக்கப்போகும் குட்டியில் பாதியைக் கூலியாகப் பேசுவது ஹனஃபி மத்ஹபில் செல்லாது. ஆட்டில் பாதியை வளர்ப்பவருக்கு விலைபேசி விற்றுவிடலாம். பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்போது ஆடும் குட்டியும் இருவருக்கும் சரிபாதி, செத்தால் நட்டமும் அப்படியே.

சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்பதா என்று கூசுகிறோம். ஹுனைன் போருக்குக் கவசங்கள் கேட்டபோது, பறிக்கிறீர்களா என்றே ஸஃப்வான் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. திருப்பித் தரும் பொறுப்புள்ள இரவல் என்று தெளிவாக்கினார்கள்.

ஆட்டின் நிறம், காது அடையாளம், விலை, மருந்துச் செலவு யாருடையது, இரண்டு சாட்சிகள். அல்பகரா 282 கடனுக்குச் சொல்லும் ஒழுங்கும் எழுத்தும் சாட்சியும்தான். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.