ஊரோடு ஊர் மாற்றிக்கொண்டவர்கள்

ஆர்மீனியாவின் வடக்கே, லோரி மாகாணத்தில், ஜார்ஜியா எல்லைப் பக்கமாக ஜ்யூனாஷோக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களில் அந்த ஊரிலேயே பிறந்தவர் என்று அநேகமாக யாரும் கிடையாது. அவர்கள் பிறந்தது அஜர்பைஜானில், ஷமாக்கி மாவட்டத்துக் கெர்கெஞ்ச் கிராமத்தில். கெர்கெஞ்சில் இன்று இருக்கும் பெரியவர்களோ ஜ்யூனாஷோக்கில் பிறந்தவர்கள். அப்போது அந்த ஊருக்குப் பெயர் கிசில் ஷஃபாக், குடியிருந்தவர்கள் அஜர்பைஜானியர்கள். 1989-ல் இரண்டு ஊர்க்காரர்களும் தங்களுக்குள் பேசி, ஊரை மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டு நாடுகளுமே அன்று சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தவை. 1988 பிப்ரவரியில் அஜர்பைஜானுக்குள் இருந்த நகோர்னோ-கரபாக்கின் மன்றம் தன்னை ஆர்மீனியாவோடு சேர்க்கும்படி கேட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, பாக்கு நகரத்துக்கு அருகே சும்கயித்தில் ஆர்மீனியர்களைக் குறிவைத்துக் கலவரம் மூண்டது. அரசுக் கணக்குப்படியே 32 பேர் இறந்தார்கள். அதன்பின் அஜர்பைஜானில் ஆர்மீனியர்களும் ஆர்மீனியாவில் அஜர்பைஜானியர்களும் இனி இங்கே இருக்க முடியாது என்று முடிவுகட்ட ஆரம்பித்தார்கள். பலருக்கு அந்த முடிவைப் பக்கத்து வீட்டுக்காரர்களே எடுத்துக் கொடுத்தார்கள். 1979 கணக்கெடுப்பில் ஆர்மீனியாவில் சுமார் 1.6 லட்சம் அஜர்பைஜானியர்களும், அஜர்பைஜானில் சுமார் 4.75 லட்சம் ஆர்மீனியர்களும் இருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதல் கணக்கு ஏறக்குறையப் பூஜ்யமாகிவிட்டது. இரண்டாவதில் மிஞ்சியவர்கள் கரபாக்கில் இருந்தவர்கள் மட்டுமே.

பெரும்பாலோர் உடுத்திய துணியோடு போனார்கள். கொஞ்சம் அவகாசம் கிடைத்தவர்கள் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டார்கள். பாக்குவில் இருந்த ஆர்மீனியக் குடும்பம் யெரெவானில் இருந்த அஜர்பைஜானியக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, அடுக்ககச் சாவியைக் கைமாற்றிக்கொள்ளும். ஆர்மீனியாவுக்கு வருகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் பெரிதாக இல்லை. 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்தில் ஸ்பிடாக் நகரம் தரைமட்டமாகி, 25,000 பேர் இறந்து, ஐந்து லட்சம் பேர் வீடிழந்து நின்ற நாடு அது. வந்த அகதிக்கு ஒதுக்கிக் கொடுக்க அரசிடம் வீடு ஏது?

கெர்கெஞ்சும் கிசில் ஷஃபாக்கும் செய்ததில் வித்தியாசம் ஒன்றுதான்: குடும்பம் குடும்பமாகச் சிதறாமல் ஊராகவே மாறினார்கள். பெரியவர்கள் எதிர்ப்பக்கத்துக்குப் போய் இடத்தைப் பார்த்து வந்தார்கள். எந்த வீட்டுக்கு எந்த வீடு என்று சோடி சேர்த்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது: உங்கள் இடுகாட்டை நாங்கள் காப்போம், எங்கள் இடுகாட்டை நீங்கள் காக்க வேண்டும்.

இந்த நிபந்தனை எவ்வளவு கனமானது என்பது அந்தப் பகுதியின் கல்லறைகளைப் பார்த்தால் விளங்கும். சோவியத் காலத்தில் இறந்தவரின் முகத்தையே கருங்கல்லில் பொறித்து நிறுத்துவது இரு இனத்தாருக்கும் வழக்கமாக இருந்தது. மீசையும் கோட்டுமாகத் தாத்தா, தலைமுண்டோடு பாட்டி, படைச்சீருடையில் பிள்ளை என்று ஒவ்வொரு கல்லிலும் ஆள் நிற்பார். ஊரை விட்டுப் போகிறவர்கள் எதிரி என்று சொல்லப்படுகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது இந்த முகங்களைத்தான். பிற இடங்களில் என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. அஜர்பைஜானைச் சேர்ந்த நக்சிவானில் ஜுல்ஃபா இடுகாட்டின் ஆர்மீனியச் சிலுவைக் கற்களை அஜர்பைஜான் படைவீரர்கள் சம்மட்டியால் உடைக்கும் காட்சி 2005 டிசம்பரில் எல்லை ஆற்றின் ஈரான் கரையிலிருந்து படமாக்கப்பட்டது. ஆர்மீனியாவிலும் கைவிடப்பட்ட அஜர்பைஜானிய இடுகாடுகள் பல சிதைக்கப்பட்டன. ஆனால் இந்த இரண்டு ஊர்களிலும் கல்லறைகள் நின்றன. பின்னாளில் அங்கே போன ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர்மீனிய, அஜர்பைஜானிய ஆய்வாளர்கள் சேர்ந்தே இந்த ஊர் மாற்றத்தைப் பற்றி 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நேரடித் தொலைபேசித் தொடர்பே இல்லாத இரு நாடுகளுக்கு இடையே இது சின்ன விஷயமல்ல.

இதை மனிதநேயக் கதையாகச் சொல்லி முடிக்கவே பலருக்கு ஆசை. எனக்கு அதில் தயக்கம் உண்டு. போகாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது போட்ட ஒப்பந்தத்தை விருப்பப் பரிமாற்றம் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் செய்தது, இழப்பை ஒழுங்காகப் பங்கிட்டுக்கொண்டது. அதையும் இரண்டு கிராமத்துப் பெரியவர்கள்தான் செய்தார்கள், இரண்டு அரசுகள் அல்ல.

இதுவரை சொன்னது மக்கள்தொகை மாறிய முதல் விதம். இரண்டாவது விதம் சத்தமில்லாமல் நடந்தது, பாதிப்பு என்று பார்த்தால் அதுதான் பெரிது.

ஷமாக்கி திராட்சை விளையும் மண். கெர்கெஞ்ச்காரர்களின் கைக்குப் பழகிய தொழிலும் அதுதான். வந்து சேர்ந்ததோ சுமார் 1,500 மீட்டர் உயரத்துத் தாஷிர் பீடபூமிக்கு. நீண்ட பனிக்காலம், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும், மாடு மேயும், பாலாடைக்கட்டி செய்யலாம். கொடி போட்டால் காய்க்காது. ஐம்பது வயதில் ஒருவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கறவைக்கு உட்கார வேண்டும் என்றால், அதுவரை அவர் கற்ற வித்தை முழுதும் வீண்.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்கள். 1991-ல் ஆர்மீனியா கூட்டுப்பண்ணைகளைக் கலைத்து நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஒன்றரை ஹெக்டேருக்கும் குறைவு. டிராக்டர் யாருக்கோ, வயல் யாருக்கோ என்று ஆனது. அஜர்பைஜான் எல்லை மூடப்பட்டது, 1993-ல் துருக்கியும் மூடியது. அணுமின் நிலையம் 1989 முதல் 1995 வரை நிறுத்தப்பட்டிருந்ததால் நாடே இருட்டில் கிடந்தது. ஆண்கள் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார்கள். பனி உருகும்போது போய், டிசம்பரில் புத்தாண்டுக்குத் திரும்புவது வழக்கமாயிற்று. சில ஆண்டுகளில் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு போவார்கள். பிறகு வீட்டில் தாத்தா பாட்டி மட்டும்.

கணக்கெடுப்பு இதை எப்படிக் காட்டுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்மீனியாவில் இரண்டு எண்கள் எடுப்பார்கள்: நிரந்தரமாகக் குடியிருப்பவர், அந்த நாளில் ஊரில் இருப்பவர். 2011-ல் முதல் எண் 30.19 லட்சம், இரண்டாவது 28.72 லட்சம். இடைவெளி ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். எடுத்த மாதம் அக்டோபர், அதாவது கிழங்கு தோண்ட வேண்டிய ஆண்கள் ரஷ்யாவில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த மாதம். ஆகவே ஒரு மலைக்கிராமத்தின் மக்கள்தொகை இவ்வளவு என்று அரசுத் தாளில் பார்த்தால், அதில் எத்தனை பேர் வீட்டில் உறங்குகிறார்கள் என்று அடுத்த கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். நாட்டின் நிரந்தர மக்கள்தொகையே 1989-ல் 33 லட்சமாக இருந்தது, 2022-ல் 29.3 லட்சமாகக் குறைந்தது. அதில் ஏறத்தாழ 10.9 லட்சம் பேர், மூன்றில் ஒருவருக்கும் மேல், தலைநகர் யெரெவானில் இருக்கிறார்கள்.

2023 செப்டம்பரில் கரபாக்கிலிருந்து ஒரே வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் ஓடிவந்தார்கள். காலியாகும் கிராமங்களில் அவர்களைக் குடியமர்த்தினால் இரண்டு பிரச்சினையும் தீரும் என்று தோன்றும். எல்லையோர ஊர்களில் வீடு வாங்கினால் கூடுதல் உதவித்தொகை என்று அரசும் அறிவித்தது. ஆனாலும் வந்தவர்களில் பெரும்பாலோர் யெரெவானையும் அதன் சுற்றுவட்டாரத்தையுமே தேடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடு கொடுத்தால் ஊர் நிலைக்கும் என்பது ஜ்யூனாஷோக்கில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கணக்கு. 1989-ல் அங்கே வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு இருந்தது. அவர்களின் பிள்ளைகள் ரஷ்யாவுக்குப் போனது வேலை இல்லாமல்தான்.