விதைப்பை வீக்கமும் கழியொலிச் சோதனையும்

தலையிடி, வயிற்றுவலி என்றால் உடனே தாயிடமோ ஆசிரியரிடமோ உரைக்கும் மாணவன், விதைப்பை வீங்கி நோவுறுங்கால் மட்டும் வாய் திறவான், நாணம் தடுக்கும். அந்நாணம் சில மணி நேரத்துள் ஓர் உறுப்பையே இழக்கச் செய்தல் கூடும். ஆதலின் அவ்வீக்கத்தின் காரணங்களையும், அவற்றைப் பிரித்தறியத் துணைபுரியும் கழியொலிச் சோதனையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மனிதர் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். அதற்கு மேற்பட்டது கழியொலி எனப்படும். மக்கள் 'ஸ்கேன்' என வழங்கும் கருவி, செக்கனுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளையுடைய ஒலியை விதைப்பையினுட் செலுத்தி, மீளும் எதிரொலியைப் படமாக்குகின்றது. நோவு இல்லை, எக்ஸ்-கதிரும் இல்லை. அசையும் பொருளிற்பட்டு மீளும் ஒலியின் அதிர்வெண் மாறுபடும். 1842 இல் ஒஸ்திரிய அறிஞர் டொப்ளர் வெளியிட்ட இத்தத்துவத்தைக் கொண்டே குருதியோட்டத்தையும் இன்று நிறங்களாற் காண்கின்றனர்.

இக்குருதியோட்டமே முதன்மையான வேறுபாட்டைக் காட்டுவது. நுண்ணுயிர்கள் தொற்றி அழற்சி உண்டாயின், விதையின் பின்புறத்தே சுருண்டு கிடக்கும் குழாய் தடித்து, அங்குக் குருதியோட்டம் மிகும். விதையைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொள்ளின் ஓட்டம் குன்றும் அல்லது அற்றுப்போகும். புறத்தே இரண்டும் ஒரேவகை வீக்கமாகத் தோன்றினும், முன்னதற்கு மருந்து போதும். பின்னதற்கு உடனடிச் சத்திரசிகிச்சை வேண்டும். தொற்று முற்றிச் சீழ் கட்டின், குருதியோட்டமற்ற திரவத் திரளாக அது படத்திற் புலனாகும்.

ஆயின் தொற்றிய கிருமி யாதென இப்படம் உரைக்காது. சிறுநீர்த் தொற்று, பால்வினை நோய், காசநோய் என்பவற்றைச் சிறுநீர் முதலியவற்றின் சோதனையாலேயே துணிதல் வேண்டும். கூகைக்கட்டு வந்த சில நாளில் இளைஞர்க்கு விதை வீங்குவதும் உண்டு. அதற்கு நோயின் வரலாறே சான்று.

நுண்ணுயிர்களேயன்றிப் புழுக்களும் காரணமாகும். யானைக்கால் நோய்ப் புழுக்கள் நிணநீர்க் குழாய்களிற் குடியிருந்து விதைப்பையில் நீர் கட்டச் செய்வன. அவை உயிருடன் நெளிந்தாடுவதைக் கழியொலிப் படத்திற் கண்ட செய்தியைப் பிரேசில் நாட்டு றெசிபே நகர ஆய்வாளர் 1994 இல் வெளியிட்டனர். இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களே இந்நோயின் பழைய உறைவிடங்கள். கண்டி அவற்றின் புறத்தது. இந்நோய் நம் நாட்டிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தமையை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் உறுதிப்படுத்தியது.

இனி, காலத்தின் அருமையை நோக்குவாம். முறுக்குண்ட விதை ஆறு மணி நேரத்துள் விடுவிக்கப்படின் பெரும்பாலும் பிழைக்கும்; அதன்பின் நம்பிக்கை விரைந்து தேயும். பதின்ம வயதினரிடையே இது மிகுதி. திடீரென நோவு எழும், வாந்தியும் வரலாம். முறுக்கு முற்றுப்பெறாவிடின் குருதியோட்டம் படத்திற் காணப்படவுங் கூடும். எனவே ஐயம் வலிதாயின் வைத்தியர் படத்துக்காகக் காத்திராது சத்திரசிகிச்சை செய்வர். தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து கண்டிப் பெரியாஸ்பத்திரியை அடையவே நெடுநேரம் செல்லும். இரவில் எழுந்த நோவை விடியும்வரை மறைப்பவன் அவ்வாறு மணியையும் வீட்டிலேயே கழித்துவிடுகின்றான்.

ஆதலின் ஆசிரியரும் பெற்றோரும் இதனை ஆண்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கூறிவைத்தல் கடன். நோவு எழுந்தவுடன் எவரிடமேனும் சொல்லல் வேண்டும் என்னும் அறிவு அவர்க்கு இருந்தாலன்றி, கருவியாலும் வைத்தியராலும் பயன் விளையாது.